புதிய எக்செல் வந்துவிட்டது. எதைக் கற்றால் உண்மையில் வேலை குறையும்?

ரப்பர்கணக்கு எழுதியது:

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறேன். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் (காய்ந்து ஒட்டிய ரப்பர்ப்பால்) கொண்டுவரும் சிறு விவசாயிகள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். எக்செல் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்று கணினி பழுதுபார்ப்பவர் சொல்லிப் பயமுறுத்தியதில், முதலாளி மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்டிவிட்டார். கட்டிய பணத்துக்குப் பலன் கண்ணில் தெரிய வேண்டுமாம். "புதிதாக என்னதான் இருக்கிறது?" என்று போகும்போதும் வரும்போதும் கேட்கிறார்.

யூடியூபைத் திறந்தால் வாழ்க்கையை மாற்றும் ஐம்பது குறுக்குவிசைகள் என்று ஓடுகிறது. எனக்கு ஐம்பதும் வேண்டாம், வாழ்க்கையும் மாற வேண்டாம். சரக்கு வந்த தேதிக்கு உரிய விலையைப் போடுவது, யாருக்கு எவ்வளவு முன்பணம் நிற்கிறது என்று பார்ப்பது, மாதக் கடைசியில் ஊர்வாரியாக எடையைப் பிரிப்பது. இவை மூன்றும் சுலபமானால் போதும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டாறு_தணிக்கை எழுதியது:

நல்ல கேள்வி. வேலையைச் சொல்லிவிட்டுக் கருவியைக் கேட்கிறவர்கள் குறைவு.

மூன்றில் இரண்டுக்கு ஒரே விடை: எக்ஸ்லுக்அப் (XLOOKUP) என்ற தேடும் சூத்திரம். இது 2019-இல் அறிவிக்கப்பட்டது. உங்கள் பழைய எக்செலில் இருந்திருக்காது, 365-இல் இருக்கிறது. நாம் எல்லோரும் இதுவரை உருட்டிக்கொண்டிருந்த விலுக்அப்புக்கு வலப்பக்கம் மட்டுமே கண் தெரியும். எத்தனையாவது நெடுவரிசை என்று எண்ணிச் சொல்ல வேண்டும். நடுவில் யாராவது ஒரு நெடுவரிசையைச் செருகினால் அந்த எண் தவறிப்போகும். கடைசியில் "ஃபால்ஸ்" போட மறந்தால், கிட்டத்தட்ட ஒத்துவருகிற ஏதோ ஒன்றை எடுத்து, சரியான விடை மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு காட்டும். எக்ஸ்லுக்அப்பில் எதைத் தேட வேண்டும், எங்கே தேட வேண்டும், எங்கிருந்து விடை எடுக்க வேண்டும் என்று மூன்றைச் சொன்னால் போதும். அச்சாகப் பொருந்துவதைத்தான் எடுக்கும்.

ஆனால் உங்கள் கடைக்கு அதன் வால்பகுதிதான் முக்கியம். விடுமுறை நாளில் சரக்கு வந்தால் அன்றைக்கு விலை அறிவிப்பு இருக்காது. முந்தைய நாள் விலையைத்தானே போடுவீர்கள்? அதற்கு இப்படி எழுதுங்கள் (ஆர்.எஸ்.எஸ். 4 என்பது ரப்பர் ஷீட்டின் ஒரு தரம்):

=எக்ஸ்லுக்அப்(சரக்குத் தேதி, விலைத்தாளின் தேதிகள், ஆர்.எஸ்.எஸ். 4 விலைகள், , -1)

ஐந்தாவதாக வரும் அந்த -1 என்பதற்கு, "இதே தேதி இல்லாவிட்டால் இதற்கு முந்தைய தேதியை எடு" என்று பொருள். நான்காவது இடத்தைக் காலியாக விட்டாலும் காற்புள்ளியை விட்டுவிடக் கூடாது. விலைப்பட்டியல் தேதி வரிசைப்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

முன்பணத்துக்கு ஆறாவது இடம். அங்கே -1 போட்டால் கீழிருந்து மேலாகத் தேடும். முன்பணப் பேரேட்டில் ஒருவர் பெயர் பல இடங்களில் வரும்; உங்களுக்கு வேண்டியது கடைசி வரியில் நிற்கும் பாக்கி. அதை நேராகக் கொண்டுவந்து கொடுக்கும். பேரேடு மட்டும் தேதி வரிசைப்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பேச்சிப்பாறை_சிக்னல் எழுதியது:

சந்தா மென்பொருள், மேகக் கணிமை எல்லாம் நாகர்கோவில்காரர்களுக்குச் சரி. எங்கள் பக்கம் இரண்டு பருவமழையும் கொட்டுகிறது. மழை இறங்கினால் மின்சாரம் போகும், பின்னாலேயே சிக்னலும் போகும். மேகம் வந்தால் மேகக் கணிமை வேலை செய்யாத ஊர் இது.

கோட்டாறு_தணிக்கை எழுதியது:

365 என்றாலே இணையத்தில்தான் ஓடும் என்பது தவறான எண்ணம். நிரல் கணினியில்தான் இருக்கிறது. கோப்பையும் கணினியில் வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை நடக்கும். சந்தாவைச் சரிபார்க்க அவ்வப்போது இணைப்பு கிடைத்தால் போதும். ஆட்டோசேவ் (தானாகச் சேமிப்பது) வேண்டுமென்றால்தான் கோப்பு ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடத்தில்) இருக்க வேண்டும்.

குளச்சல்கரை எழுதியது:

எல்லோரும் எக்செலுக்கே காசு கட்டுகிறீர்கள். எங்கள் மீன் கம்பெனியில் நாலு பேர் ஒரே நேரத்தில் எழுத வேண்டும்: ஏலக்கரையில் ஒருவர், ஐஸ் கணக்கில் ஒருவர், லாரி கணக்கில் ஒருவர், அலுவலகத்தில் நான். கூகுள் ஷீட்ஸ்தான். எக்ஸ்லுக்அப் அங்கேயும் 2022-இல் வந்துவிட்டது. எக்செலில் பெரிய புதுமை என்று கொண்டாடுகிற ஃபில்டர், யுனிக் சூத்திரங்கள் இரண்டும் கூகுளில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தவை.

2024-இல் வந்த "அட்டவணையாக மாற்று" வசதியைப் பாருங்கள். மேல் மெனுவில் ஃபார்மட் என்பதன் கீழே இருக்கிறது. ஒவ்வொரு நெடுவரிசையிலும் எண் வருமா, தேதி வருமா, கீழ்விரி பட்டியல் வருமா என்று கட்டிப்போட்டுவிடலாம். மீன் பெயருக்குக் கீழ்விரி பட்டியல் வைத்தேன். அதற்கு முன்னால் ஒருவர் "சாளை" என்பார், ஒருவர் "மத்தி" என்பார். மாதக் கடைசியில் ஒரே மீன் இரண்டு மீனாக நிற்கும். இப்போது பட்டியலில் இருப்பதைத்தான் தொட முடியும்.

பேச்சிப்பாறை அண்ணனுக்கு: கூகுள் ஷீட்ஸும் இணையம் இல்லாமல் ஓடும். ஆனால் குரோம் உலாவியில் ஆஃப்லைன் வசதியை இணையம் இருக்கும்போதே இயக்கி வைக்க வேண்டும். மழை தொடங்கிய பிறகு தேடினால் கிடைக்காது.

தக்கலை_டீச்சர் எழுதியது:

குளச்சல் தம்பி சொல்வது சரி. ஒரே தாளில் பலர் வேலை செய்யும்போது ஒருவர் வடிகட்டினால் மற்றவர் திரையிலும் வரிகள் காணாமல் போய்ச் சண்டை வரும். கூகுளில் "ஃபில்டர் வியூ", எக்செலில் "ஷீட் வியூ". அதைப் போட்டுக்கொண்டால் நான் வடிகட்டுவது என் கண்ணுக்கு மட்டும். எங்கள் பள்ளி அலுவலகத்தில் பாதி மனக்கசப்பு இதிலேயே தீர்ந்தது. மீதிக்கு மென்பொருளில் மருந்து இல்லை.

ஆட்டோசேவ் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய மாதக் கோப்பைத் திறந்து, எண்களை மாற்றி, கடைசியில் "சேவ் அஸ்" கொடுக்கும் பழக்கம் நம் அலுவலகங்கள் எல்லாவற்றிலும் உண்டு. ஆட்டோசேவ் ஓடும் கோப்பில் அப்படிச் செய்தால் பழைய மாதம் அழிந்துகொண்டே வரும். திறந்தவுடன் முதல் வேலையாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தால், மேலே கோப்பின் பெயரைத் தொட்டு "வெர்ஷன் ஹிஸ்டரி"க்குள் போனால் பழையது இருக்கும்.

ரப்பர்கணக்கு எழுதியது:

கோட்டாறு அண்ணன் சொன்னபடி விலைக்கு எழுதிப் பார்த்தேன், பிரமாதமாக வருகிறது. முதலாளியே தன் கையால் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஊர்வாரியில்தான் மாட்டிக்கொண்டேன். ஊர்ப்பட்டியல் தனித்தாளில் இருக்கிறது, ஊருக்கு ஒரு வண்டி வாடகை. அருமனை, திருவட்டாறு எல்லாம் வருகின்றன. கொல்லங்கோடும் கொட்டாரமும் வரவில்லை. "இல்லை" என்கிறது. இரண்டு தாளிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் இருக்கிறது. இடைவெளி இருக்குமோ என்று டிரிம் போட்டும் பார்த்தாயிற்று.

மார்த்தாண்டம்தேன் எழுதியது:

டிரிம் சாதாரண இடைவெளியை மட்டும்தான் நீக்கும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும் பிரியா இடைவெளி அதற்குத் தெரியாது. அதன் எண் 160. அதைத் தனியாக மாற்ற வேண்டும்.

வடசேரி_தட்டச்சு எழுதியது:

மகளே, இடைவெளி இல்லை அது. வராத இரண்டு ஊரையும் பார்: கொல்லங்கோடு, கொட்டாரம். கொம்பும் காலும் உள்ள ஊர்கள். தோவாளையையும் கோட்டாறையும் தேடிப் பார்த்தால் அவையும் வராது என்று நினைக்கிறேன். ஊர்ப்பட்டியல் பாமினி என்ற பழைய வகைத் தமிழ் எழுத்துருவில் இருந்த கோப்பிலிருந்து மாற்றியதுதானே?

பக்கத்துக் கட்டத்தில் லென் சூத்திரம் போட்டு நீளத்தைப் பார். நீ தட்டச்சு செய்த கொட்டாரம் 9 என்று காட்டும். பட்டியலில் இருக்கும் கொட்டாரம் 10 என்று காட்டும். கொல்லங்கோடு 11-ஆகவும் 13-ஆகவும் நிற்கும்.

காரணம் சொல்கிறேன். பாமினியில் "கொ" அடிக்க மூன்று விசை: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். தட்டச்சு இயந்திரத்தின் வழி அது. ஒருங்குறியில் (யூனிகோடில்) அந்தக் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதன் எண் 3018. ஆனால் கொம்பைத் தனியாக (3014), காலைத் தனியாக (3006) அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே "கொ"தான் தெரியும். அரைகுறையான மாற்றிகள் இரண்டாம் வழியில் எழுதிவைத்துவிடும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஊர், எக்செலுக்கு வேறு வேறு ஊர். இரட்டைக்கொம்பு வரும் "கோ"வுக்கும் இதே கதை: சேர்ந்திருந்தால் 3019, பிரிந்திருந்தால் 3015-உம் 3006-உம்.

மருந்து இது. சப்ஸ்டிட்யூட் (SUBSTITUTE) ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும், யூனிசார் (UNICHAR) எண்ணை எழுத்தாக்கும். பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு புதிய நெடுவரிசையில் எழுது:

=சப்ஸ்டிட்யூட்(சப்ஸ்டிட்யூட்(ஏ2, யூனிசார்(3014)&யூனிசார்(3006), யூனிசார்(3018)), யூனிசார்(3015)&யூனிசார்(3006), யூனிசார்(3019))

கீழே வரைக்கும் இழுத்துவிட்டு, வந்ததை நகலெடுத்து, பழைய நெடுவரிசையின்மேல் மதிப்பாக மட்டும் ஒட்டு. அதற்குக் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். 365-இல் வந்த சின்ன வசதிகளில் இதைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன்.

தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் பாமினியிலும் வானவில் எழுத்துருவிலும் அடித்துக்கொண்டு வந்து நீட்டுகிறார்கள். விண்டோஸ் 10-இல் 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து தமிழ்99 விசைப்பலகை கூடவே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். அதில் அடித்தால் இந்தக் குழப்பம் பிறக்காது. சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

மார்த்தாண்டம்தேன் எழுதியது:

அண்ணாச்சி, அருமை. எங்கள் தேன் கணக்கிலும் இதே நோய்தான் என்று இப்போது தெரிகிறது. "கௌ" வரிசைக்கும் இதே மாதிரி மூன்றாவது சப்ஸ்டிட்யூட் ஒன்றைச் சேர்த்துவிடலாமா? நிறையப் பேர் கொம்பு போட்டுப் பக்கத்தில் "ள" எழுத்தை அடித்து ஒப்பேற்றுகிறார்கள்.

குளச்சல்கரை எழுதியது:

ஐயோ, வேண்டாம்! எங்கள் பட்டியலில் கெளுத்தி இருக்கிறது. அதில் கொம்பும் ளகரமும் முறைப்படியே அடுத்தடுத்து வருகின்றன. நீங்கள் சொல்லும் மாற்றத்தைப் போட்டால் கெளுத்தியின் நடுமுள் முறிந்துவிடும்.

வடசேரி_தட்டச்சு எழுதியது:

குளச்சல் தம்பி பிடித்த பிடி சரி. வெள்ளிச்சந்தையும் வெள்ளமடமும் அதே கதிக்கு ஆளாகும். "கௌ" வரிசையைச் சூத்திரத்தால் மாற்றாதீர்கள். பெயர்ப்பட்டியலில் அப்படி எத்தனை வந்துவிடப்போகின்றன? கண்ணால் பார்த்துக் கையால் திருத்துங்கள். "ஸ்ரீ"யும் அப்படித்தான், இரண்டு விதமாக எழுதப்பட்டுக் கிடக்கும்.

ரப்பர்கணக்கு எழுதியது:

அண்ணாச்சி, நீளம் அச்சு அசலாக 9, 10. சூத்திரத்தைப் போட்டேன், கொல்லங்கோடு வந்துவிட்டது. தோவாளையும் நீங்கள் சொன்னபடியே காணாமல்தான் இருந்தது. அங்கிருந்து எங்களுக்கு யாரும் ரப்பர் கொண்டுவருவதில்லை, அதனால் இதுவரை தெரியவில்லை. பூச்சந்தை ஊர் அது; பூ வியாபாரமாக இருந்திருந்தால் முதல் நாளே மாட்டியிருப்பேன்.

இனி ஊர்வாரிக் கூட்டல். பிவட் (தொகுப்பு அட்டவணை) போடத் தெரியும். அதைவிடப் புதிதாக ஏதாவது இருக்கிறதா?

கோட்டாறு_தணிக்கை எழுதியது:

365-இல் குரூப்பை (GROUPBY) என்றொரு சூத்திரம் இருக்கிறது.

=குரூப்பை(ஊர்கள், எடைகள், சம்)

ஒரே கட்டத்தில் இதை எழுதினால் ஊர்களும் எடையும் கீழே தானாக விரிந்து, அடியில் மொத்தமும் வந்து நிற்கும். புதிய வரி சேர்த்தால் கூட்டலும் மாறும், பிவட்டைப் போலப் புதுப்பிக்கச் சொல்லி அழுத்த வேண்டியதில்லை. தரவை முதலில் அட்டவணையாக (கன்ட்ரோல் + T) மாற்றிவிட்டு அட்டவணையின் நெடுவரிசையைக் காட்டுங்கள். அப்போதுதான் புதிய வரிகளையும் எடுத்துக்கொள்ளும்.

ஒரு வேண்டுகோள், இது எங்கள் தரப்பு வயிற்றெரிச்சல். தணிக்கைக்கு அனுப்பும்போது சூத்திரத்தோடு அனுப்பாதீர்கள். எங்களிடம் இன்னும் பழைய எக்செல் ஓடும் கணினிகள் இருக்கின்றன. அவற்றில் திறந்தால் சூத்திரத்துக்கு முன்னால் ஏதோ அடிக்கோட்டுக் குறியெல்லாம் முளைத்திருக்கும். தொடாத வரை எண் தெரியும். தெரியாத்தனமாக அந்தக் கட்டத்தைத் திருத்தி என்டர் தட்டினால் எண் இருந்த இடத்தில் "நேம்" பிழை வந்து உட்காரும். அனுப்பும் நகலில் எல்லாவற்றையும் மதிப்பாக மாற்றிவிடுங்கள். கூடவே ஒரு பிடிஎஃப் வைத்தால் இன்னும் நல்லது.

தக்கலை_டீச்சர் எழுதியது:

கீழே விரியும் சூத்திரங்களுக்கு இடம் காலியாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். வழியில் ஒரு கட்டத்தில் ஏதாவது இருந்தாலும் "ஸ்பில்" பிழைதான். இணைக்கப்பட்ட கட்டங்கள் இருந்தாலும் அதேதான். அட்டவணைக்குள்ளேயே எழுதினாலும் விரியாது, வெளியே எழுத வேண்டும்.

நம்மவர்களுக்குக் கட்டங்களை இணைப்பதில் அப்படி ஒரு பிரியம். தலைப்பு நடுவில் நிற்க வேண்டும், அவ்வளவுதானே? அதற்குக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் செல்ஸ், அலைன்மென்ட் போய் "சென்டர் அக்ராஸ் செலக்ஷன்" கொடுங்கள். பார்வைக்கு இணைத்தது போலவே இருக்கும், எதுவும் இணைந்திருக்காது. ரொம்பப் பழைய வசதி, ஒருவரும் தொடுவதில்லை.

பேச்சிப்பாறை_சிக்னல் எழுதியது:

மைக்ரோசாஃப்டின் கோபைலட் பற்றி ஒருவரும் பேசவில்லையே? செயற்கை நுண்ணறிவே எல்லாவற்றையும் செய்து கொடுக்கும் என்று விளம்பரம் ஓடுகிறது.

கோட்டாறு_தணிக்கை எழுதியது:

சூத்திரம் எழுதித் தரச் சொல்லலாம், நன்றாகவே எழுதுகிறது. விடையை மட்டும் கேட்காதீர்கள். சூத்திரத்தை நீங்கள் சரிபார்க்கலாம். வந்து விழுந்த எண்ணை எங்கே போய்ச் சரிபார்ப்பீர்கள்? வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதாரும் உள்ள கோப்பை இலவசச் சேவை எதிலும் பதிவேற்றாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

குளச்சல்கரை எழுதியது:

அதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, அண்ணே. ஏலக்கரையில் நிற்பவருக்குச் சூத்திரமும் தெரியாது, சரிபார்க்கவும் தெரியாது. "நேற்று எந்தப் படகு அதிகம்" என்று கேட்டால் பதில் வந்தால் போதும்.

கோட்டாறு_தணிக்கை எழுதியது:

கேட்கட்டும், தம்பி. அந்தப் பதிலை வைத்துப் படகுக்காரருக்குப் பணம் பட்டுவாடா செய்யாத வரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

மார்த்தாண்டம்தேன் எழுதியது:

எங்கள் சங்கத்தில் மிகவும் பயன்பட்டது குரல் தட்டச்சு. கூகுள் டாக்ஸை குரோமில் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் அழுத்தி, மொழியைத் தமிழாக மாற்றிவிட்டுப் பேச வேண்டியதுதான். தேன் வளர்ப்பவர்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கை, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் அப்படித்தான் தயாராகின்றன. நிறுத்தற்குறிகளைக் கையால்தான் போட வேண்டும். குரல் கட்டளைகள் ஆங்கிலத்துக்கு மட்டுமே. விளவங்கோட்டுப் பேச்சைக் கேட்டு அது கொஞ்சம் திணறும். செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்திப் பேசினால் சரியாக வருகிறது. எங்கள் செயலாளர் இப்போது மனைவியிடமும் அப்படித்தான் பேசுகிறாராம்.

வடசேரி_தட்டச்சு எழுதியது:

அதில் கொம்பும் காலும் சேர்ந்தே வரும், நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

ரப்பர்கணக்கு எழுதியது:

குரூப்பை வேலை செய்கிறது. முதலில் "ஸ்பில்" வந்தது. டீச்சர் சொன்னது போலவே கீழே ஒரு கட்டத்தில் யாரோ ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. எங்களிடம் பழைய வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் இன்னும் பாமினியிலேயே கிடக்கிறது. அதை மாற்ற இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் ஒட்டலாமா? வங்கிக் கணக்கு எண்களும் அதே கோப்பில் இருக்கின்றன.

கோட்டாறு_தணிக்கை எழுதியது:

கணக்கு எண் உள்ள நெடுவரிசையைத் தொடாதீர்கள். பெயரையும் ஊரையும் மட்டும் தனியாக நகலெடுத்து மாற்றி, அதே வரிசையில் திரும்ப ஒட்டுங்கள். நடுவில் எங்கும் அகரவரிசைப்படி அடுக்கிவிடக் கூடாது. பெயர் ஒருவருடையதாகவும் கணக்கு எண் இன்னொருவருடையதாகவும் ஆகிவிடும். பாதுகாப்புக்கு முதலிலேயே இடப்பக்கம் 1, 2, 3 என்று வரிசை எண் போட்டுக்கொள்ளுங்கள்.

வடசேரி_தட்டச்சு எழுதியது:

மாற்றி முடித்ததும் அந்த இரட்டைச் சப்ஸ்டிட்யூட்டை ஒருமுறை ஓட்டிவிடு, மகளே. இல்லாவிட்டால் மறுபடியும் கொல்லங்கோட்டைத் தேடிக்கொண்டு இங்கே வருவாய். சிரமமாக இருந்தால் பெயர், ஊர் இரண்டை மட்டும் பென்டிரைவில் கொண்டுவா, கடையிலேயே மாற்றித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வைரஸ் பார்த்துவிட்டுக் கொண்டுவா.